பத்தாவது முடித்த பெண்ணுக்கு நர்சிங் ஆசை: வி.எச்.எஸ்.இ.யா, சயின்ஸ் குரூப்பா, பொள்ளாச்சித் தொழிற்கல்வியா?

சித்தூர் தோப்புக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, வண்ணாமடைப் பக்கம் எங்கள் ஊர். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டாள். உயிரியலில் நல்ல கிரேடு, கணக்கு கொஞ்சம் பின்னால். சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள், இன்னும் மாறவில்லை.

ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். இங்கேயே வி.எச்.எஸ்.இ.யில் (கேரளத்துத் தொழிற்கல்வி பிளஸ் டூ) மருத்துவம் சார்ந்த கோர்ஸ் எடு, இரண்டு வருடத்தில் கையில் தொழில் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சாதாரண ஹயர் செகண்டரியில் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார் பள்ளி ஆசிரியர். பொள்ளாச்சியில் என் கொழுந்தியா இருக்கிறாள். அங்கே பிளஸ் ஒன்னில் நர்சிங் குரூப்பே இருக்கிறது, என் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்கிறாள். தமிழிலேயே படிக்கலாம் என்பதால் மகளுக்கும் அந்தப் பக்கம்தான் மனசு. விண்ணப்பம் போட வேண்டிய நேரம் இது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்ட்:

எந்தப் பக்கம் படித்தாலும் கடைசியில் நீட் எழுதித்தானே ஆக வேண்டும் அண்ணா? அதற்கு இப்போதே கோச்சிங் சேர்த்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை லேப்:

இல்லை சகோ. மருத்துவம், பல் மருத்துவம், ஆயுஷ் படிப்புகளுக்குத்தான் நீட். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இதுவரை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் வைத்துத்தான் நிரப்புகிறார்கள். கேரளத்தில் அதை நடத்துவது எல்.பி.எஸ். சென்டர் என்ற அரசு நிறுவனம். ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்ற சில இடங்களுக்குப் போக நினைத்தால் நீட் மதிப்பெண் வேண்டும்.

ஆனைமலை டீச்சர்:

தோப்புக்காரர் ஐயா, நான் ஆனைமலைப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நர்சிங் தொழிற்கல்விப் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். உங்கள் கொழுந்தியா சொல்வது எங்களைப் போன்ற பள்ளிகளைத்தான். தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அதனால் இது புதிதல்ல.

இந்த வகுப்பில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்கிறேன். படுக்கை விரிப்பதில் ஆரம்பிப்போம். நோயாளி படுத்திருக்கும்போதே அவரை அசைத்து வலிக்க வைக்காமல் விரிப்பை மாற்றப் பிள்ளைகளுக்கு நாளாகும். அப்புறம் உடல் வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம். நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்வேன். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவதை ஆரம்பத்தில் நான் ஒப்புக்கொள்வதில்லை, இடையில் துடிப்பு தாளம் தவறினால் அந்தக் கணக்கில் தெரியாமல் போய்விடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு, 12 முதல் 20 மூச்சு. மூச்சை எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பிடித்த கையை எடுக்காமல், பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்றி எண்ண வேண்டும். பதினாறு வயதுப் பெண் இதைக் கற்றுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்குப் பார்த்துவிட்டு, மறுநாள் நோட்டில் எழுதி வருவாள். அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொட்டக் கூடாது என்பது, குழந்தைக்குப் பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி., 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ஊசி வெள்ளை டப்பாவில், குளுக்கோஸ் ஏற்றிய டியூப் சிவப்புப் பையில் என்பதெல்லாம் பாடத்திலேயே வரும்.

ஆனால் ஐயா, இந்த இரண்டு வருடம் முடித்தால் உங்கள் மகள் நர்ஸ் ஆகிவிட மாட்டாள். இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவானால்தான் நர்ஸ். அந்தப் பதிவுக்கு ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு), ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் இவற்றில் ஒன்று வேண்டும், மூன்றுமே பன்னிரண்டாவதுக்கு மேல்தான். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடவே ஆங்கிலம், 45 சதவீதம். எங்கள் பிரிவில் உயிரியல் இருக்கிறது. இயற்பியலும் வேதியியலும் தனிப் பாடமாக இல்லை. என் மாணவிகளில் நன்றாகப் படித்த சிலர் பன்னிரண்டாவது முடித்த பிறகு வந்து, "டீச்சர், பி.எஸ்சி.க்குப் போக முடியாதாமே" என்று நின்றிருக்கிறார்கள். சேரும் அன்றே யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மதிப்பெண் வாங்கக்கூடிய பெண்ணுக்கு என் முதல் யோசனை சயின்ஸ் குரூப்தான். என் வகுப்பில் ஒரு மாணவி குறைந்தாலும் பரவாயில்லை.

கூடலூர் அக்கா (தேனி):

டீச்சர் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். நான் தொழிற்கல்விப் பிரிவில் படித்து வந்தவள். பத்தாவதில் சயின்ஸ் குரூப் கொடுக்கும் அளவு மதிப்பெண் இல்லை. அந்த நர்சிங் வகுப்பு இல்லாவிட்டால் பத்தாவதோடு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருப்பேன். பிளஸ் டூவுக்குப் பிறகு ஜி.என்.எம். மூன்று வருடம் படித்தேன். அதற்குக் கவுன்சில் விதி எந்தக் குரூப்பையும் ஏற்கிறது. ஆங்கிலத்தோடு 40 சதவீதம் வேண்டும், அறிவியல் இருந்தால் நல்லது என்றுதான் போட்டிருக்கிறது. வேலைக்குப் போன பிறகு, ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் முடித்தேன். இப்போது ஸ்டாஃப் நர்ஸ்.

சயின்ஸ் குரூப்பில் போய் இயற்பியலில் தோற்று, மனசு உடைந்து படிப்பையே விட்ட பிள்ளைகளையும் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். யாருக்கு எது என்று பார்த்துச் சொல்லுங்கள். தொழிற்கல்வி என்றாலே படிக்காத பிள்ளைகளின் பிரிவு என்று ஊரே முத்திரை குத்தி வைத்திருக்கிறது. நாமும் அதைச் சொல்ல வேண்டாம்.

ஆனைமலை டீச்சர்:

நியாயம் அக்கா. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தப் பிரிவு இருக்க வேண்டும் என்று நானும் கேட்கிறேன். இயற்பியலும் வேதியியலும் அடிப்படை அளவிலாவது இந்தப் பிரிவில் சேர வேண்டும் என்பதும் என் கோரிக்கை. இந்தப் பெண்ணுக்கு உயிரியல் நன்றாக வருகிறது, இரண்டு வழியும் திறந்திருக்கிறது. அதனால்தான் சயின்ஸ் என்றேன். ஜி.என்.எம். விஷயத்தில் ஒன்று: கவுன்சில் விதி எந்தக் குரூப் என்றாலும் சரி என்றாலும், அரசுப் பள்ளிகளில் சேர்க்கும்போது அந்த வருட விண்ணப்பக் கையேட்டில் என்ன கேட்டிருக்கிறது என்று படித்துத்தான் போட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை லேப்:

இப்போது கேரளப் பக்கம். நான் வி.எச்.எஸ்.இ.யில் எம்.எல்.டி. (மருத்துவ லேப் தொழில்நுட்பம்) படித்து, அப்புறம் எல்.பி.எஸ். வழியாக பி.எஸ்சி. எம்.எல்.டி. முடித்து, பாலக்காட்டில் ஒரு லேபில் இருக்கிறேன்.

வி.எச்.எஸ்.இ. 1983-84-ல் தொடங்கியது. இங்கே தமிழ்நாட்டுத் தொழிற்கல்வியிலிருந்து ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: மருத்துவம் சார்ந்த கோர்ஸ்களில் தொழில் பாடத்தோடு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்தே வரும். சான்றிதழும் பிளஸ் டூவுக்குச் சமம். அதனால் பி.எஸ்சி. நர்சிங், பி.எஸ்சி. எம்.எல்.டி., நீட் எதற்கும் வாசல் அடைவதில்லை. டீச்சர் சொன்ன கவலை இதில் இல்லை.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். என் காலத்து எம்.எல்.டி. கோர்ஸ் இப்போது அதே பெயரில், அதே வடிவில் இல்லை. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு என்று 2013-ல் மத்திய அரசு கொண்டு வந்ததை ஒட்டி கோர்ஸ்களை மாற்றிவிட்டார்கள். ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் போன்ற பெயர்களில் வரும். அது நர்ஸ் அல்ல. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, நகர்த்துவது, நர்ஸுக்கு உதவுவது. மதிப்பான வேலைதான். கேரளம் 2008-லேயே பாலியேட்டிவ் (வலி தணிப்பு) பராமரிப்புக்குக் கொள்கை வகுத்த மாநிலம், வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளுக்கு இங்கே எப்போதும் தேவை இருக்கிறது. ஆனால் அதை நர்சிங் என்று நினைத்துச் சேரக் கூடாது.

அடுத்தது சுமை. அறிவியல் பாடம் மூன்றோடு தொழில் பாடம், செய்முறை, பயிற்சி எல்லாம் இரண்டே வருடத்தில். சாதாரண சயின்ஸ் பிள்ளைகளை விடப் பள்ளி நேரம் அதிகம்.

கடைசியாக மொழி. வி.எச்.எஸ்.இ.யில் இரண்டாம் மொழி கிடையாது, ஆங்கிலம் மட்டும்தான். ஹயர் செகண்டரியில் தமிழை இரண்டாம் மொழியாக எடுக்க வாய்ப்பு உண்டு, அந்தப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு முதல் ஆறு மாதம் ரொம்பக் கஷ்டம். "சுவாசித்தல்" என்று படித்தது ஆங்கிலத்தில் வரும், ஆசிரியர் மலையாளத்தில் விளக்குவார். பரீட்சையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இந்த லீவிலேயே மகளைப் பத்தாம் வகுப்பு உயிரியல், வேதியியல் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி, தெரிந்த பாடத்தையே மறுபடி ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லுங்கள். எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

புளியரை:

நான் செங்கோட்டைப் பக்கம். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், தயவுசெய்து எல்லோரும் படியுங்கள்.

என் அத்தை மகள் பத்தாவது முடித்ததும் பக்கத்து டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். ஒரு வருட நர்சிங் டிப்ளமோ என்று போர்டு. வெள்ளைக் கோட், அடையாள அட்டை, விழா வைத்துச் சான்றிதழ். பிறகு தனியார் மருத்துவமனையில் சேர்த்தும் விட்டார்கள். வேலை செய்தது நர்ஸ் வேலை, சம்பளமும் பெயரும் உதவியாளர். வேறு இடத்துக்கு விண்ணப்பித்தபோது கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். அப்படி ஒன்று அவளுக்குக் கிடைக்கவே வழி இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அத்தை நகையை வைத்துக் கட்டிய பணம். இப்போது அவள் வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதுகிறாள்.

எல்லை ஊர்களில் இது அதிகம். அந்தப் பக்கத்தில் அங்கீகாரம் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள், இந்தப் பக்கத்தில் அங்கீகாரம் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். பத்தாவதுக்கு மேல் நேரடியாக நர்ஸ் ஆக்குகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நகரி நெசவு:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு குரல். சித்தூர் என்று பார்த்ததும் எங்கள் சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்தேன், நீங்கள் கேரளச் சித்தூர்! இருந்தாலும் சொல்கிறேன், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழர்களுக்கும் இதே குழப்பம்தான்.

இங்கே இன்டர்மீடியட்டில் (உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ) உயிரியல், இயற்பியல், வேதியியல் சேர்ந்த பை.பி.சி. குரூப் ஒரு பக்கம். வொகேஷனலில் எம்.எல்.டி., பெண்களுக்கு மல்டி பர்ப்பஸ் ஹெல்த் ஒர்க்கர் என்று கோர்ஸ்கள் இன்னொரு பக்கம். வொகேஷனல் எடுத்தவர்கள் மேலே டிகிரிக்குப் போக விரும்பினால் பிரிட்ஜ் கோர்ஸ் என்று அறிவியல் பாடங்களைக் கூடுதலாக எழுதித் தேர்ச்சி பெற வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலர் இதை இரண்டாம் வருடம் முடியும்போதுதான் கேள்விப்படுகிறார்கள். முதல் வருடத்திலேயே கட்டணம் கட்டி எழுதியிருக்கலாம்.

இங்கே வொகேஷனல் எம்.எல்.டி. முடித்துவிட்டுத் திருத்தணி, வேலூர் பக்கம் லேபில் வேலை தேடுவோரும் உண்டு. தனியார் லேபில் எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு அரசுப் பணி என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பில் கேட்கும் தகுதி வேறு. எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேலூர் சி.எம்.சி. கண்ணில் நிற்கும். 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கிய இடம், 1946-ல் அதைப் பட்டப்படிப்புக் கல்லூரியாக்கினார்கள். டிப்ளமோவிலிருந்து டிகிரி வரை மருத்துவத் தொழில்நுட்பப் படிப்புகள் அங்கே நிறைய. அவர்கள் சேர்க்கை அறிவிப்பைப் படித்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று இருக்கும். டீச்சர் சொன்னதற்கே மறுபடி வந்து நிற்கிறோம்.

சித்தூர் தோப்புக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மனைவிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம். பொள்ளாச்சியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ சேர்த்தால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க வசதி என்கிறாள் கொழுந்தியா. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒதுக்கீடு, மாதம் ஆயிரம் ரூபாய் என்றெல்லாம் சொல்கிறாள். உண்மையா?

கம்பம் பள்ளத்தாக்கு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் குமுளி, வண்டிப்பெரியாறு உறவுகளுக்காக இதையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன்.

மாதம் ஆயிரம் ரூபாய் என்பது புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். இரண்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரைதான் கணக்கு. உங்கள் மகள் பத்து வரை கேரளத்தில் படித்துவிட்டாள். பிளஸ் ஒன்னில் வந்து சேர்வதால் இவை எதுவும் கிடைக்காது.

அதை விடப் பெரிய விஷயம் இருப்பிடமும் சாதிச் சான்றும். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு இந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்று காட்ட வேண்டும். நீங்கள் கேரளத்தில் வாங்கிய சமூகச் சான்றிதழ் தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது, பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளத்தில் உங்களுக்கு இருக்கும் உரிமையை விட்டுவிட்டு இங்கே பொதுப் பிரிவில் போட்டி போடுவதாக ஆகும். மலையின் இரண்டு பக்கமும் ஒரே குடும்பம்தான், ஆனால் தாலுகா ஆபீஸுக்கு அது தெரியாது. எஸ்டேட் பிள்ளைகள் இதில் எவ்வளவு இழந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும்.

ஆறாவது ஏழாவது படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், எந்தப் பக்கம் படிக்க வைப்பது என்று அவர்கள் விஷயத்தில் இப்போதே உட்கார்ந்து யோசியுங்கள். நடுவில் ஓரிரு வருடம் பாட்டி வீட்டில் படிக்கட்டும் என்று எல்லை தாண்டி அனுப்புவதுதான் பின்னால் வந்து இடிக்கும்.

நீட் எழுத ஆசை இருந்தால் இன்னொன்று. தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான் கொடுக்கிறார்கள். கேரளத்தில் மையம் எடுத்தால் ஆங்கிலம், இந்தி, மலையாளம் இவற்றில் ஒன்று.

கூடலூர் அக்கா (தேனி):

தம்பி சொன்னது சரி. இதற்கு மேல் பொள்ளாச்சி வேண்டாம் தோப்புக்காரரே. தமிழில் படிக்கிற சுகத்துக்காக இத்தனையை விடக் கூடாது. அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

மகளிடம் வேலையைப் பற்றியும் பேசுங்கள். இரவுப் பணி மாறி மாறி வரும். பன்னிரண்டு படுக்கைக்கு ஒரு ஆள் என்று நிற்கும் ராத்திரியும் வரும். மலம், வாந்தி, சீழ் எல்லாம் கையால் சுத்தம் செய்ய வேண்டும். முதல் மரணத்தைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை, சீனியர் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வைத்தார். இதெல்லாம் தெரிந்தும் வருகிறேன் என்றால் அவளை யாரும் தடுக்க வேண்டாம். எங்கள் எல்லைப் பக்கத்து மருத்துவமனைகளில் தமிழும் மலையாளமும் பேசும் நர்ஸைப் பார்த்ததும் தோட்டத்திலிருந்து வரும் பாட்டிகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு அந்த இரண்டு மொழியும் ஏற்கெனவே இருக்கிறது.

மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்ட்:

நர்சிங் மட்டும்தான் வழியா அக்கா? என் தம்பிக்கு இந்தத் துறை பிடிக்கும், ஆனால் ஊசி போட்டால் மயக்கம் வரும் என்கிறான்.

கொழிஞ்சாம்பாறை லேப்:

எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபி, டயாலிசிஸ், கண் பரிசோதனைக்கு ஆப்டோமெட்ரி, ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி, பிசியோதெரபி என்று நிறைய இருக்கிறது. இவற்றுக்கு ஒழுங்குமுறை வேண்டும் என்றுதான் 2021-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டு வந்தது. மருந்தாளுநர் ஆக டி.பார்ம். இரண்டு வருடம், அதோடு 500 மணி நேரப் பயிற்சி. டி.பார்முக்கு உயிரியலுக்குப் பதில் கணக்கு இருந்தாலும் போதும், இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். அந்தத் தம்பி முதலில் பிளஸ் ஒன் சயின்ஸ் எடுக்கட்டும். மயக்கம் பழகப் பழகப் போய்விடும், எங்கள் வகுப்பிலும் ரத்தம் எடுக்கும்போது விழுந்தவர்கள் உண்டு.

சித்தூர் தோப்புக்காரர்:

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். ஹயர் செகண்டரி சயின்ஸ் முதல் விருப்பம், தமிழ் இரண்டாம் மொழி உள்ள பள்ளியாகப் பார்த்து. அது கிடைக்காவிட்டால் வி.எச்.எஸ்.இ.யில் உயிரியல் வரும் கோர்ஸ். கொழுந்தியாவிடம் மகளே போன் போட்டுச் சொன்னாள். ஹயர் செகண்டரி, வி.எச்.எஸ்.இ. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போதுமா?

கொழிஞ்சாம்பாறை லேப்:

இல்லை அண்ணா, தனித்தனி விண்ணப்பம். இரண்டையும் போடுங்கள். வி.எச்.எஸ்.இ.யில் ஆப்ஷன் கொடுக்கும்போது கோர்ஸ் பெயரை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள், அதோடு வரும் பாடங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்துக் கொடுங்கள். கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம், சர்வர் திணறும். சந்தேகம் இருந்தால் அந்தப் பள்ளியின் ஹெல்ப் டெஸ்க்குக்கே நேரில் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனைமலை டீச்சர்:

இன்னொரு சின்ன விஷயம். நர்சிங்கில் சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதியையும் பெயரின் எழுத்தையும் இப்போதே ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் ஒரு மாதிரி, மலையாளத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி என்று எல்லைப் பிள்ளைகளுக்கு இனிஷியல் மாறி நிற்கும். திருத்த வேண்டியிருந்தால் பிளஸ் ஒன் சேர்வதற்கு முன்பே திருத்திவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்றும் பாருங்கள். வார்டில் கால் வைப்பதற்கு முன்னால் மூன்று தவணையும் முடிந்திருப்பது நல்லது.